நடுத்துண்டு

பிப்ரவரி 3, செவ்வாய்

இது டாக்டர் கொடுத்த டைரி. பற்பசைக் கம்பெனிக்காரர் வருஷா வருஷம் எங்கள் பல் கிளினிக்குக்கு நாலைந்து கொண்டுவந்து வைப்பார், அதில் ஒன்று வரவேற்பில் உட்காரும் எனக்கு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘இரவில் மறவாமல் பல் துலக்குங்கள்’ என்று அச்சடித்திருக்கிறது. அதற்கு மேலே நான் சாக்லேட்டைப் பற்றி எழுதப் போகிறேன். டாக்டர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்.

விஷயம் இதுதான். கீழ் வீட்டு ரெஜினா அக்காவின் மருமகன் பெலிக்ஸ் இந்த மாதக் கடைசியில் மஸ்கட் போகிறார். எண்ணெய்க் கிணற்றில் வேலை. ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே தூத்துக்குடியில். காலையில் தண்ணீர் பிடிக்க இறங்கியபோது அக்கா சொன்னாள்: “ஏட்டி செண்பகம், ஒன் வீட்டுக்காரருக்கு என்னமும் குடுக்கணும்னா செஞ்சு வையி. பெலிக்ஸ் கையில குடுத்து விடுதேன்.”

மஸ்கட்டில் இருக்கும் இவருக்கு, யார் போனாலும் எதையாவது கொடுத்துவிடுவதுதான் என் வழக்கம். முறுக்கு, காரச்சீவல், கருப்பட்டி மிட்டாய், எங்கள் ஊர் முந்திரி மக்ரூன். மக்ரூன் மட்டும் இவருக்கு இறங்காது. தூத்துக்குடிக்காரருக்கு மக்ரூன் பிடிக்காது என்று வெளியே சொன்னால் ஊருக்குள் விட மாட்டார்கள். இவருக்குப் பிடித்தது பிரவுனி. கல்யாணமான புதிதில் சென்னைக்குப் போயிருந்தபோது ஒரு கடையில் சாப்பிட்டோம். கறுப்பாக, அல்வாவைப் போல் குழைந்து, பல்லில் அப்பிக்கொண்டு. தட்டைச் சுரண்டியபடி, “நம்ம ஊர் கேக்கெல்லாம் இதுக்கு முன்னால ரஸ்க்கு” என்றார். ஊருக்கு வந்த பிறகு எத்தனையோ பேக்கரியில் தேடினோம், அந்தப் பக்குவம் கிடைக்கவில்லை.

நானே செய்யப் போகிறேன். மே மாதம் வருகிறேன் என்று சொன்னவர் போன வாரம் “பாப்போம்” என்கிறார். வந்து போய் இரண்டு கோடை ஆகிவிட்டது. ஒன்று அவர் வர வேண்டும், இல்லாவிட்டால் என்னைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். என் பாஸ்போர்ட் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் ஒரு முத்திரைகூட விழாமல் கிடக்கிறது. போனில் பேசிப் பேசி என் வாய்தான் வலிக்கிறது. இனி அவர் வாயைப் பிடிக்க வேண்டும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஓவன் ரெஜினா அக்காவுடையது. மாதா கோயில் குலுக்கலில் அவளுக்கு விழுந்தது. கிறிஸ்துமஸுக்கு ஒருமுறை கேக் சுடுவாள். மற்ற நாட்களில் அதற்குள் வற்றலும் புளியும் எறும்பு அண்டாமல் பத்திரமாக இருக்கும். இரண்டு பேருமாக அதை மாடிக்குத் தூக்கி வந்தோம். சூடேற்றியதும் வீடெல்லாம் மிளகாய் நெடி. தும்மித் தும்மி முதல் முட்டையைத் தரையில் போட்டேன்.

வெண்ணெயும் சாக்லேட்டும் உருகியது அழகாகத்தான் இருந்தது. மாவு கலந்து தட்டில் ஊற்றி உள்ளே வைத்துவிட்டு முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்தேன், மாவு ஒட்டியது. மறுபடி வைத்தேன். மறுபடி ஒட்டியது. குச்சி துடைத்தாற்போல் வெளியே வரும்வரை விடவில்லை. இட்லியானாலும் கொழுக்கட்டையானாலும் கையில் ஒட்டினால் வேகவில்லை என்றுதான் எனக்குத் தெரியும்.

வெந்தது. நன்றாகவே வெந்தது. மாலை டீயில் தோய்த்துச் சாப்பிட வேண்டியிருந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

கிளினிக்கில் எல்லோருக்கும் கொடுத்தேன். “கேக் நல்லா இருக்கு” என்றார்கள். கேக்காம்!

பிப்ரவரி 12, வியாழன்

இவர் வீடியோவில் பேசினார். வழக்கம்போல் காருக்குள் உட்கார்ந்துதான். ரூமில் நாலு பேர் படுத்திருப்பார்கள், சத்தம் போட முடியாது என்பார். முகம் உருண்டு வந்திருக்கிறது. சட்டைக் கைமடிப்பில் கத்தி போல இஸ்திரி.

“மெஸ் சாப்பாடு நல்லாத்தான் போடுதாங்க போல” என்றேன்.

“என்னத்த மெஸ்ஸு. பசிக்குத் திங்கேன்.”

“பெலிக்ஸ் வாராரு. ஒண்ணு குடுத்து விடுதேன். என்னன்னு சொல்ல மாட்டேன்.”

“ஏன் செண்பா சும்மா அலையுத. இங்கன எல்லாம் கெடைக்கி.”

எல்லாம் கிடைக்கிற ஊரில் என் கைப்பக்குவம் மட்டும் கிடைக்காதே என்றேன். சிரித்தார். அப்போது கார்க் கண்ணாடிக்கு வெளியே ஒரு குழந்தையின் சத்தம் கேட்டது. பக்கத்து ரூம்காரர் குடும்பத்தோடு வந்திருக்கிறாராம். “சரி, வையி” என்று வைத்துவிட்டார். மே மாதத்தைப் பற்றிக் கேட்க மறந்துபோனேன். மறக்கவில்லை, அவர் இடம் கொடுக்கவில்லை.

பிப்ரவரி 15, ஞாயிறு

இரண்டாவது முறையும் அதே கதை. இந்தத் தடவை மைதாவைக் குறைத்தேன், ஒரு சிட்டிகை உப்பு போட்டேன். வாசனை தெரு முனை வரை போனது. ஆனால் குச்சியில் ஒட்டுகிற மாவை மனுஷருக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வைத்து மறுபடியும் ரஸ்க்.

மதியம் ரெஜினா அக்கா சாளைமீன் குழம்பு கொண்டுவந்து வைத்தாள். கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, கொஞ்சம் சீனி போட்டுக் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். போன தடவை இவர் வந்திருந்தபோது நடந்தது நினைவுக்கு வந்து சிரிப்பாக இருந்தது. அக்காவின் குழம்புச் சட்டியை இவரே சமர்த்தாகக் கழுவி, காலியாகக் கொண்டுபோய் நீட்டிவிட்டு வந்தார். நான் பதறிப்போய்ச் சீனியைக் கையில் அள்ளிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். “வெறும் ஏனத்தையா திருப்பிக் குடுப்பாக?” என்று நான் சத்தம் போட, “இதெல்லாம் பொம்பளைங்க வெச்சிருக்க சட்டம். எங்களுக்கு எங்க தெரியும்” என்றார். ரெஜினா அக்கா அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தாள்.

ரஸ்க்கை அக்காவுக்குக் கொடுத்தேன். மென்றுகொண்டே இருந்தாள். பிறகு, “சாக்லேட்டு ருசி இருக்குட்டி” என்றாள். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது அவளால்.

பிப்ரவரி 18, புதன்

ரெஜினா அக்கா நெற்றியில் சாம்பலோடு கோயிலிலிருந்து வந்தாள். தவக்காலம் தொடங்கிவிட்டது. ஈஸ்டர் வரை இனிப்பு தொட மாட்டாள். “என்னைய சோதிக்காத, வாசனை வந்தா கதவ அடைச்சிக்கிடுவேன்” என்றாள். இனி ருசி பார்த்துச் சொல்லவும் ஆள் இல்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

கிளினிக்கில் கூட்டம் இல்லாத நேரத்தில் போனில் பிரவுனி வீடியோ பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண் சொல்கிறாள், குச்சியில் ஈரத் துகள் ஒட்டும்போதே வெளியே எடுத்துவிட வேண்டுமாம். மிச்ச வேக்காடு தட்டின் சூட்டிலேயே நடக்குமாம். நாம் செய்ய வேண்டியது, தொடாமல் விடுவது மட்டும்தானாம்.

தொடாமல் விடுவதா? எனக்கு ஆகக் கஷ்டமான வேலையை அவள் எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

வந்துவிட்டது!

முட்டையையும் சீனியையும் கை ஓயும்வரை அடித்தேன், வெளிறி நுரைத்துக் கட்டியாகும்வரை. உருக்கி ஆறவைத்த சாக்லேட்டையும் வெண்ணெயையும் அதில் ஊற்றி, மைதாவையும் கோகோவையும் சலித்துப் போட்டு, கரண்டியால் மெல்லப் புரட்டினேன். பேருக்குத்தான் மைதா. குச்சியில் ஈரத் துகள் ஒட்டியது. கண்ணை மூடிக்கொண்டு வெளியே எடுத்துவிட்டேன். நடுவில் லேசாகத் தளும்பியது. தட்டைச் சமையல் மேடையில் வைத்துவிட்டு, அங்கேயே நின்றால் கை சும்மா இருக்காது என்று மொட்டைமாடிக்குப் போய்த் துணி மடித்தேன். பாத்திரம் விளக்கினேன். பூச்சட்டிக்குத் தண்ணீர் விட்டேன். முழுக்க ஆறிய பிறகுதான் கத்தியை வைத்தேன்.

மேலே காகிதம் போல ஒரு மெல்லிய ஏடு, தொட்டால் நொறுங்குகிறது. உள்ளே கறுப்பாக, ஈரமாக, கத்தியில் அப்புகிறது. ஓரத்துண்டு கொஞ்சம் இறுகிவிடுகிறது, நடுத்துண்டுதான் அந்தச் சென்னைக் கடைப் பதம். நடுத்துண்டு எல்லாவற்றையும் இவருக்கு எடுத்து வைத்துவிட்டேன். நான் ஓரத்தைத் தின்றேன். ஓரமே இப்படி இருந்தால் நடு எப்படி இருக்கும்!

பக்கத்தில் யாராவது இருந்திருந்தால் கையைப் பிடித்து உலுக்கியிருப்பேன். அக்கா கதவை அடைத்துக்கொண்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் என்னைப் பார்த்து, “எப்படி?” என்றேன். பைத்தியம்தான்.

பிப்ரவரி 25, புதன்

கல்யாணத்துக்கு மாமா வீட்டில் கொடுத்த எவர்சில்வர் சம்படத்தில் அடுக்கினேன். மூடி இறுக்கமாக இருக்கும், காற்றுப் புகாது. பட்டர் பேப்பர் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக. மூடியில் ‘சங்கரபாண்டியன் – செண்பகவல்லி’ என்று மிஷினில் வெட்டிய பெயர் இன்னும் அழியாமல் இருக்கிறது. பிளாஸ்டிக் டப்பா போதுமே என்றார் பெலிக்ஸ். வேண்டாம் என்றேன். பிளாஸ்டிக் டப்பா என்றால் தூக்கிப் போட்டுவிடுவார்கள். இது திரும்பி வர வேண்டிய சாமான். இதோடு அவரும் வந்தால் இன்னும் நல்லது.

“அண்ணன்ட்ட என்னக்கா சொல்ல?” என்று கேட்டார் பெலிக்ஸ்.

“ஒண்ணும் சொல்ல வேண்டாம். ஏர்போர்ட்டுல வந்து வாங்கிக்கிடுவாக. தின்னா அதுவே சொல்லிக்கிடும்.”

மார்ச் 1, ஞாயிறு

கிடைத்துவிட்டதாம். நானேதான் கூப்பிட்டேன்.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு செண்பா. எல்லாருக்கும் பிடிச்சிருக்கு.”

“எல்லாருக்கும்னா?”

“ரூம்ல. பயலுவ விடுதானுவளா.”

“பல்லுல ஒட்டுச்சா?”

“என்னது?”

சென்னைக் கடையைச் சொன்னேன். எந்தக் கடை என்றார். சொன்ன பிறகு “ஆமா, ஆமா” என்றார். மே மாதம் என்னாயிற்று என்று இந்தத் தடவை விடாமல் கேட்டேன். லீவு கிடையாதாம். அப்படியானால் விசிட் விசாவில் நான் வரட்டுமா என்றேன். “இப்ப இங்க ரூல்ஸ் எல்லாம் மாறிட்டு. நெனச்ச மாதிரி கூட்டிட்டு வர முடியாது” என்றார். “ஒடம்ப பாத்துக்க” என்றார். உடம்பைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கிறேன், வேறு யாரைப் பார்க்க.

ரூல்ஸ் மாறியிருக்கும். வெளிநாடு, நமக்கு என்ன தெரியும்.

மார்ச் 6, வெள்ளி

போன் இல்லை. அங்கே இன்று விடுமுறை. அசந்து தூங்கியிருப்பார்.

மார்ச் 11, புதன்

மாவு புளித்துவிட்டது. ஓர் ஆளுக்கென்று கிரைண்டரில் அரைக்க முடியாது. கொஞ்சமாகப் போட்டால் கல் வெறுமனே சுற்றுகிறது. நிறையப் போட்டால் வாரம் பூராவும் நானே இட்லி, நானே தோசை, கடைசியில் நானே ஊத்தப்பம். ஃப்ரிட்ஜில் ஓரத்துண்டு நாலைந்து இருந்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு அதையே வைத்துக்கொண்டேன். குளிர்ந்துபோயும் நன்றாகத்தான் இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

கிளினிக்குக்கு நேற்று ஓர் அம்மா வந்தாள், பல் பிடுங்க. “துணைக்கு யார் வந்திருக்கிறார்கள்?” என்று கேட்டு எழுத வேண்டும். “யாரும் இல்லை, அதுக்கென்ன, பல்லுதானே” என்றாள். பிடுங்கி முடித்துப் பஞ்சைக் கடித்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆட்டோ வரும்வரை நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவளால் பேச முடியாது, எனக்குப் பேச ஒன்றும் இல்லை. ஆனாலும் நன்றாக இருந்தது.

மார்ச் 20, வெள்ளி

இன்று எனக்குச் சந்தோஷம். இவர் தானாகவே கூப்பிட்டார்!

“செண்பா, அந்தப் பிரவுனி எப்படிப் பண்ணுன? ரூம்ல ஒருத்தன் கேட்டுக்கிட்டே கெடக்கான்.”

“ரூம்ல ஓவன் இருக்கா?”

“…இருக்கு. கம்பெனில குடுத்தது.”

“ஆம்பளைங்க எங்க செய்யப் போறீங்க.”

“நீ சொல்லு. வாய்ஸ் மெசேஜ்ல போட்டு விடு. மெதுவா சொல்லு.”

சொன்னேன், ஒன்று விடாமல். வெண்ணெய் எவ்வளவு, சாக்லேட் எவ்வளவு, முட்டையைச் சீனியோடு எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்பதையெல்லாம். முக்கியமான விஷயத்தை இரண்டு தடவை சொன்னேன்: குச்சி சுத்தமாக வரும்வரை காத்திருக்கக் கூடாது, ஈரத் துகள் ஒட்டும்போதே எடுத்து, தொடாமல் விட்டுவிட வேண்டும். நான் ஒரு மாதம் முட்டி மோதிக் கற்றதை அவன் ஒரே நாளில் கற்றுக்கொள்ளட்டும். யாரோ ஒரு பையன், வீட்டு ஞாபகம் வந்திருக்கும் பாவம்.

அனுப்பிய கையோடு, கேட்டுவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்துவிட்டது. இவர் என் குரலை இவ்வளவு சீக்கிரம் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. நாக்கு வழியாக ஆள் வந்துகொண்டிருக்கிறார் என்றுதான் நினைக்கிறேன்.

மார்ச் 27, வெள்ளி

பெலிக்ஸ் புதன்கிழமை கிளம்புகிறாராம். சம்படத்தை மறக்காமல் கொடுத்துவிடுங்கள் என்று இவருக்குச் செய்தி போட்டேன். கட்டைவிரல் படம் வந்தது.

ஏப்ரல் 2, வியாழன்

சம்படம் வந்துவிட்டது.

பெலிக்ஸ் மாடி ஏறி வரவில்லை. பெரிய வியாழன், கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்று படிக்கட்டுக்குக் கீழேயே நின்று பையை நீட்டினார். அவருக்கு எப்போதும் பேச்சு அதிகம். இன்று என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அண்ணன் டூட்டில இருந்தாகக்கா. நான் வீட்டு வாசல்லயே வாங்கிட்டு வந்துட்டேன்.”

“வீடா? ரூமா?”

“அதான்… ரூமு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சம்படம் வெள்ளைத் துணியில் கட்டியிருந்தது. தூக்கும்போதே உள்ளே ஏதோ அசைந்தது. இவர் ஏதோ வைத்திருக்கிறார் என்று மனசு அடித்துக்கொண்டது. பேரீச்சம்பழமா, சென்ட் பாட்டிலா, ஒருவேளை விசாக் காகிதமா! துணியை அவிழ்க்கும் நேரத்துக்குள் நான் விமானம் ஏறி மஸ்கட் போய் இறங்கிவிட்டேன்.

சீனி. சின்ன பிளாஸ்டிக் கவரில் ஒரு கை சீனி, நூல் போட்டுக் கட்டி. வேறு ஒன்றும் இல்லை.

முதலில் சிரித்தேன், நிஜமாகவே. இந்த மனுஷன் கடைசியில் கற்றுக்கொண்டுவிட்டாரே என்று. ரெஜினா அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு படி இறங்கினேன். மூன்றாவது படியில் கால் நின்றுவிட்டது.

இவர் கற்றுக்கொள்ளவில்லை. இவருக்கு இது தெரியாது. ரூமில் நாலு ஆம்பிளைகள் இருந்தாலும், நாற்பது ஆம்பிளைகள் இருந்தாலும், ஒருவனுக்கும் இது தோன்றாது.

மேலே வந்து சம்படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். விளிம்பு மடிப்பில் நான் தேய்த்தாலே சாக்லேட் போகாது, ஒரு பொட்டு இல்லை. ஈரம் போகத் துடைத்து, வெயிலில் காயவைத்திருக்கிறாள். ஆமாம், எழுதிவிட்டேன். காயவைத்திருக்கிறாள். நம் ஊர்ப் பக்கத்துப் பெண். அடுத்த வீட்டு ஏனம் காலியாகப் போகக் கூடாது என்று அவளுக்கும் அவள் அம்மா சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

மூடியில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. தேய்க்கும்போது அவள் கண்ணில் படாமல் இருந்திருக்காது. படித்துவிட்டுத்தான் சீனி போட்டிருக்கிறாள்.

கார், இஸ்திரிச் சட்டை, பக்கத்து ரூம் குழந்தை, ‘மெதுவா சொல்லு.’ எல்லாவற்றுக்கும் நானே ஒவ்வொரு பதில் வைத்திருந்தேன். சீனிக்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.

ஏப்ரல் 3, வெள்ளி

அங்கே விடுமுறை. சொல்லாமல் கொள்ளாமல் கூப்பிட்டேன். காருக்கு ஓட நேரம் கொடுக்கவில்லை.

“சம்படம் வந்துட்டா?” என்று அவரே ஆரம்பித்தார்.

“வந்துட்டு. உள்ள என்ன வெச்சீங்க?”

“என்னத்த வைக்க? காலியாத்தான குடுத்தேன்.”

“யாரு கழுவுனா?”

“நாந்தான். ஏன், அழுக்கா இருந்துச்சா?”

“இல்ல. நல்லா இருந்துச்சு.”

அந்தப் பக்கம் குழாய் ஓடுகிற சத்தம் கேட்டது, ஏனம் கழுவுகிற சத்தம். ஒரு பிள்ளை எதற்கோ அடம்பிடித்து அழுதது. பக்கத்து ரூம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்திருந்தால் என்று ஆரம்பித்த நினைப்பை அங்கேயே நிறுத்தினேன். குழாயை யாரோ மூடினார்கள். மூடியவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும்.

“அவங்கட்ட சொல்லிருங்க,” என்றேன், “சீனி வந்து சேந்துட்டுன்னு.”

“செண்பா…” என்றார். ஒரு பொய்யாவது சொல்வார் என்று பார்த்தேன். நம்பியிருந்தாலும் நம்பியிருப்பேன். சொல்லவில்லை. வைத்துவிட்டேன்.

பிறகு அழுதேன், வாய்விட்டு. பெரிய வெள்ளி, தெருவில் பாதிப் பேர் கோயிலில். யாரும் கேட்காமல் அழ அதைவிட நல்ல நாள் கிடைக்காது. அவர் மேல் கோபம் வந்தது, பெலிக்ஸ் மேல் வந்தது, விழுந்து விழுந்து பக்குவம் சொல்லிக் கொடுத்த என் வாய் மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக வந்தது. அவள் மேல் மட்டும் எப்படிக் கோபப்படுவது என்று தெரியவில்லை. அவள் சீனி வைத்துச் சொல்லிவிட்டதை, அவர் இன்னும் ஒரு வார்த்தையாகக்கூடச் சொல்லவில்லை.

ஏப்ரல் 4, சனி

பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறேன். எந்த ஊருக்கும் போகலாம் அதில்.

ஏப்ரல் 5, ஞாயிறு

ஈஸ்டர். காலையிலேயே ரெஜினா அக்கா புதுச் சேலையில் மேலே வந்தாள், கையில் ஆட்டுக்கறித் தூக்கோடு. “அன்னைக்கி வந்த வாசனைய நெனச்சே நாப்பது நாளு செத்தேன்ட்டி. இன்னைக்கி எனக்கு அந்தப் பிரவுனி வேணும். சூடா வேணும்” என்றாள். சூடாகத் தின்றால் குழைவு தெரியாது, ஆற வேண்டும் என்றேன். “இத்தனை நாள் பொறுத்தாச்சு, பொறுக்கேன்” என்று சமையலறையிலேயே முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

அளந்தபோது சீனி கொஞ்சம் குறைந்தது. கடை பூட்டியிருக்கும். அலமாரியில் அந்தக் கவர் இருந்தது. நூலை அவிழ்த்துக் கொட்டினேன். சீனி மேல் என்ன கோபம், இனிப்பதுதானே அதன் வேலை.

ஓவனிலிருந்து எடுத்தபோது நடுவில் லேசாகத் தளும்பியது. இந்தத் தடவை நான் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஆறட்டும் என்று விட்டேன். அது ஆறுகிற நேரத்தில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டாள். பெலிக்ஸ் அவளிடம் முன்பே சொல்லிவிட்டாரா என்று நான் கேட்கவில்லை. கேட்காமலே தெரிந்தது. என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சென்னைக் கடை முதல் இன்று வரைக்கும் யாரும் என் கையைப் பிடித்ததாக நினைவில்லை.

கத்தியைக் கையில் எடுத்ததும் பழக்க தோஷத்தில் ஓரத்துக்குப் போனேன்.

“நடுவுல உள்ளத அவருக்கு…” என்று ஆரம்பித்துவிட்டு அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“இல்லக்கா. இன்னைக்கி நமக்கு.”

நடுவிலேயே வெட்டினேன். ஒன்று அக்காவுக்கு, ஒன்று எனக்கு. அக்கா கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். அவளுடைய தூக்கைக் கழுவி, அதில் நான்கு துண்டு வைத்துக் கொடுத்தனுப்பினேன்.

இப்போது வீட்டில் யாரும் இல்லை. இன்னொரு நடுத்துண்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எத்தனை தட்டு சுட்டிருக்கிறேன், இதன் ருசி எனக்கு இன்றுதான் தெரிகிறது. பல்லில் ஒட்டுகிறது. பக்கத்தின் அடியில், இரவில் மறவாமல் பல் துலக்கச் சொல்லி அச்சடித்திருக்கிறது. இன்று துலக்கப் போவதில்லை.